அறுந்து போகாத பெல்ட்

எங்கள் பக்கத்துப் பழைய ஓடுபாதையில் இப்போது கார் பந்தயம் நடந்தால், பெல்ட் கட்டாதவனை வரிசையில் நிற்கவே விடுவதில்லை. தலைக்கவசத்தைக் கையில் வாங்கிப் பார்க்கிறார்கள். வண்டிக்கு மேலே இரும்பு வளைவு இருக்கிறதா என்று தட்டிப் பார்க்கிறார்கள். ஒரு டாக்டர் வேனோடு வந்து உட்கார்ந்து கடலை தின்றுகொண்டிருக்கிறார். இதற்கெல்லாம் நான் பட்ட அடிதான் காரணம் என்று ஊரில் ஒரு பேச்சு உண்டு. எருத்தேன்பதி டீக்கடைக்குப் போனால் என் குட்டைக் காலைக் காட்டி, "இவருதானுங்க அது" என்று வெளியூர்க்காரர்களுக்குச் சொல்கிறார்கள். நானும் தியாகி மாதிரி முகத்தை வைத்துக்கொண்டு டீயைக் குடித்துவிட்டு வருகிறேன்.

அந்தத் தியாகியின் யோக்கியதையை எழுதி வைக்கத்தான் இதை ஆரம்பித்தேன். பாலக்காட்டில் ஓர் ஆஸ்பத்திரியில் பதினான்கு வாரம் கிடந்தவன் நான். எப்படி இருந்தது என்று கேட்கிறவர்களுக்குத் தனித்தனியாகச் சொல்லி வாய் வலிக்கிறது. முதல் காரியமாக ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். என் பெல்ட் அறுந்து போகவில்லை. நான் அதைப் போடவே இல்லை. அறுந்துவிட்டது என்று சொன்னது பொய்.

நெருக்கடி நிலை வந்ததற்கு முந்தின வருஷம் அது. எனக்கு இருபத்தெட்டு வயது. அப்பா விட்டுப்போன தென்னந்தோப்பும் கடலைக்காடும் இருந்தன. வேலையை ஆட்கள் செய்தார்கள், திமிர் மட்டும் நான் செய்தேன். அதற்கு முன்னால் நான்கைந்து வருஷம் ரேக்ளா ஓட்டிக்கொண்டிருந்தேன். இரண்டு காளை பூட்டிய சின்ன வண்டி. பறக்கும். கேரள எல்லைக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் நான் வாங்காத பரிசு இல்லை. ரேக்ளாவில் எங்களுக்கு ஒரே ஒரு பாடம்தான். வண்டி கவிழப்போகிறது என்று தெரிந்தால் குதித்துவிடு. குதித்தவன் பிழைப்பான், வண்டியோடு மாட்டிக்கொண்டவன் சக்கரத்துக்கடியில் போவான். எங்கள் ஆட்கள் இதை வேதம் மாதிரி சொல்வார்கள். நானும் மூன்று தடவை குதித்து மூன்று தடவையும் பிழைத்தவன். ஆகவே இந்த உலகத்தில் சக்கரம் வைத்த எல்லாவற்றுக்கும் அதுதான் விதி என்று நம்பினேன்.

காளை எவ்வளவு வேகம் ஓடும், கார் எவ்வளவு வேகம் ஓடும் என்று கணக்குப் பார்க்கிற அளவுக்கு என் மண்டையில் இடம் இருக்கவில்லை. பி.ஏ. வரைக்கும் படித்தவன், கேட்டுக்கொள்ளுங்கள்.

என் மனைவி சரசுவின் தம்பி ஆறுச்சாமிக்கு மீனாட்சிபுரத்தில் ஒரு பட்டறை. பம்புசெட், டிராக்டர், எண்ணெய் எஞ்சின் எது வந்தாலும் பிரித்துப்போட்டுச் சரி பண்ணுவான். அதிகம் பேச மாட்டான். நாங்கள் இரண்டு பேரும் சேர்ந்து ஒரு பழைய ஹெரால்டு காரை வாங்கி, அதன் கூரையை வெட்டி எறிந்து, பந்தய வண்டி ஆக்கினோம். கூரையை வெட்டச் சொன்னது நான். பார்க்க நன்றாக இருக்கும் என்று சொன்னேன்.

ஆறுச்சாமி கோயமுத்தூர் நடைபாதையில் பழைய மோட்டார்ப் பத்திரிகைகளை வாங்கி வருவான். வெள்ளைக்காரப் பத்திரிகைகள். அவனுக்கு இங்கிலீஷ் தெரியாது, படம் பார்ப்பான். ஒருநாள் ஒரு படத்தைக் கொண்டுவந்து, "இதுல என்ன போட்டிருக்குதுங்க மச்சான்?" என்று கேட்டான். நான் படித்துச் சொன்னேன். அங்கே வருஷா வருஷம் ஓட்டுகிறவர்கள் செத்துக்கொண்டே இருந்ததால், அவர்களே ஒன்றுசேர்ந்து, பாதை ஓரத்தில் இரும்புத் தடுப்பும் பக்கத்தில் டாக்டரும் இல்லாவிட்டால் வண்டி எடுக்கமாட்டோம் என்று நின்றுவிட்டார்களாம். தீப்பிடிக்காத துணியில் உடுப்புத் தைக்கிறார்களாம். முன்னெல்லாம் வண்டியிலிருந்து தூக்கி எறியப்படுவதே நல்லது என்று நினைத்தவர்கள், இப்போது இரண்டு தோளுக்கும் பெல்ட் போட்டு உட்காருகிறார்களாம். படித்து முடித்ததும், "உசுருக்குப் பயந்தவனுக கதை" என்று பத்திரிகையை அவன் மடியில் போட்டேன்.

அவன் அந்தப் படத்தைச் சுவரில் ஒட்டிவைத்து அதைப் பார்த்தே வேலை செய்தான். எண்ணெய் எஞ்சினில் ஓடுகிற கான்வாஸ் பெல்ட்டை வெட்டி, லாரி தார்ப்பாய் தைக்கிற நூலால் மூன்று வரிசை தைத்து, இடுப்புக்கும் தோளுக்கும் வார் செய்தான். ஆழ்குழாய்க் கிணற்று இரும்புக் குழாயை வளைத்து, தலைக்கு மேலே வளைவாக நிறுத்தித் தரையோடு வெல்டிங் வைத்தான். "கவுந்தா குழாய் தாங்கிக்குமுங்க. நீங்க மட்டும் சீட்ட உட்டு வராம இருந்தாப் போதும்" என்றான். எங்கள் கார்ப் பந்தயக் கூட்டத்தில் ஐந்து பேர் தங்கள் வண்டிக்கும் அப்படி ஒன்று செய்யச் சொல்லிவைத்தார்கள்.

அந்த ஐந்து பேரில் தங்கராஜும் ஒருவன். தேவிகுளம் பக்கத்தில் ஏலத்தோட்டம் உள்ளவன், பந்தயத்துக்காக மலை இறங்கி வருவான். அவன் மனைவி வற்புறுத்தியதால் சொல்லிவைத்தானே தவிர, அவனுக்குப் பெல்ட் என்றாலே இளக்காரம். பந்தயத்தன்று காலையில் என் வண்டியருகில் வந்து, "என்ன அண்ணாச்சி, புள்ளைக்குத் தொட்டில் கட்டியிருக்கீகளா?" என்றான். "தீப்பிடிச்சா இது எரியுமா எரியாதா, பாத்துருவோம்" என்று வாயில் இருந்த சிகரெட்டை எடுத்து இடது தோள் வாரில் வைத்து அழுத்தினான். கடலைப்பருப்பு அளவுக்கு ஓர் ஓட்டை விழுந்தது. எல்லாரும் சிரித்தோம். ஆறுச்சாமி அந்த இடத்தை விரலால் தேய்த்துப் பார்த்துவிட்டு எனக்குப் பெல்ட்டை மாட்டிவிட்டுப் போனான்.

வண்டியை வரிசைக்குக் கொண்டுபோய் நிறுத்தினேன். கொடி ஆட்டுவதற்கு முன்னால் கொக்கியை விடுவித்து, வாரை நான்காக மடித்து, சீட்டுக்கு அடியில் தள்ளினேன். தங்கராஜ் பக்கத்து வண்டியிலிருந்து பார்த்துவிட்டால் தேவலை என்றுகூட நினைத்தேன். அவன் பார்க்கவில்லை. கண்ணாடியில் தலை சீவிக்கொண்டிருந்தான்.

எங்கள் பந்தயப் பாதையின் லட்சணத்தையும் சொல்ல வேண்டும். யுத்தகாலத்தில் விமானம் இறங்கப் போட்ட ஓடுபாதை, நடுவில் புல் முளைத்துக் கிடந்தது. மேற்குக் கோடியில் மணல் நிரப்பிய இரண்டு தார் டிரம்மை வைத்து, சுண்ணாம்பில் அம்புக்குறி போட்டிருந்தார்கள். அதுதான் திருப்பம். ஓரத்தில் வைக்கோல் கட்டு. அதன்மேல் ஜனங்கள் ஏறி உட்கார்ந்திருந்தார்கள். டாக்டர் இல்லை, ஆம்புலன்ஸ் இல்லை. ஒலிபெருக்கி மட்டும் இரண்டு.

நான்காவது சுற்றில் பின்சக்கரம் டிரம்மில் பட்டது. வண்டி ஒரு பக்கம் தூக்குவதை உணர்ந்தேன். ரேக்ளாக்காரன் என்ன செய்வானோ அதைச் செய்தேன். ஸ்டியரிங்கை விட்டுவிட்டுக் குதித்தேன். அறுபது மைல் வேகத்தில் போகிற வண்டியிலிருந்து, காளை வண்டியிலிருந்து குதிப்பதுபோல் குதித்தேன். தரையில் விழுந்து உருண்ட என் வலது தொடைமேல் வண்டியின் ஓரம் அடித்துவிட்டுப் போனது. வண்டி இரண்டு புரளல் புரண்டு, வளைவுக்குழாய் துளியும் நசுங்காமல், சீட் அப்படியே இருக்க, ஒரு பக்கமாகப் படுத்தது.

கோயமுத்தூரா பாலக்காடா என்று பெரிய மனிதர்கள் பத்து நிமிஷம் விவாதம் செய்தார்கள். என் எலும்பு வெளியே நீட்டிக்கொண்டிருந்தது. ஆறுச்சாமிதான் கொடி கட்டியிருந்த மூங்கிலைப் பிளந்து காலின் இரண்டு பக்கமும் வைத்துத் தன் வேட்டியைக் கிழித்துக் கட்டினான். சாமான் வேன் ஒன்றில் வைக்கோல் கட்டை அவிழ்த்துப் பரப்பி என்னைப் படுக்க வைத்தார்கள். எங்களைக் காப்பாற்றுவதற்காக வைத்த வைக்கோல் அந்த ஒரு வகையில் பயன்பட்டது.

பாலக்காட்டு ஆஸ்பத்திரியில் எக்ஸ்ரே எடுத்தார்கள். தொடை எலும்பு இரண்டு துண்டு. அதில் ஒரு துண்டு தோலைக் கிழித்து வெளியே வந்து, ஓடுபாதை மண்ணைத் தின்றுவிட்டு உள்ளே போயிருந்தது. இப்படித் தோல் கிழிந்து முறிவதைத் திறந்த முறிவு என்றார் எலும்பு டாக்டர். மூடிய முறிவு ஒரு கஷ்டம் என்றால் இது பத்து கஷ்டம், ஏனென்றால் கிருமிக்குக் கதவு திறந்து கொடுத்தாகிவிட்டது. முதல் ராத்திரியே மயக்கம் கொடுத்து, செத்த சதையையெல்லாம் வெட்டி எறிந்து, புண்ணைத் தைக்காமல் திறந்தபடி வைத்து, பஞ்சும் துணியும் அடைத்தார்கள்.

மறுநாள் காலையில் நான் நல்ல நினைவோடு இருந்தேன். இதை அழுத்திச் சொல்கிறேன். ஜுரத்தில் உளறினான், வலியில் சொல்லிவிட்டான் என்று யாரும் எனக்கு வக்காலத்து வாங்க வேண்டாம். கட்டிலைச் சுற்றி என் பெரியப்பா, சரசு, தங்கராஜ், இன்னும் இரண்டு பந்தயக்காரர்கள். ஆறுச்சாமி கதவருகில் இளநீரோடு நின்றான்.

"பெல்ட்டு போட்டிருந்தியல்லொ? அப்பறம் எப்படீடா வெளிய வந்து உழுந்தே?" என்று கேட்டார் பெரியப்பா.

ஆறுச்சாமி எனக்கு மாட்டிவிட்டதை எல்லாரும் பார்த்திருந்தார்கள். நான்தான் கழற்றினேன் என்றால் மடையன் ஆவேன். குதித்தேன் என்றால் அதைவிடப் பெரிய மடையன் ஆவேன். ஒரு விநாடிகூட யோசிக்கவில்லை.

"அறுந்து போச்சுங்க பெரீப்பா."

சரசு திரும்பித் தன் தம்பியைப் பார்த்தாள். அவன் என்னைப் பார்த்தான். பிறகு இளநீரை ஜன்னல் திட்டில் வைத்துவிட்டு வெளியே போய்விட்டான். "என்ற புருசனக் கொல்லப் பாத்துட்டயேடா" என்று அவள் வராந்தாவில் கத்தியது எனக்குக் கேட்டது. அவன் பதில் சொன்னது கேட்கவில்லை. சொல்லியிருக்க மாட்டான்.

எலும்பு சேருவதற்கு என்னை, மாடு பூட்டி நீர் இறைக்கிற கிணற்றுக் கவலை மாதிரி கட்டிவைத்தார்கள். தொடைச் சதைக்கு வலு அதிகம். எலும்பு முறிந்ததும் அது சுருங்கி, இரண்டு துண்டையும் ஒன்றின்மேல் ஒன்று ஏற்றிவிடும். கால் குட்டையாகிவிடும். அதைத் தடுக்க முழங்காலுக்குக் கீழே எலும்பில் துளை போட்டு ஓர் எஃகுக் கம்பியைச் சொருகி, அதில் கயிறு கட்டி, கட்டில் கால்மாட்டில் உருளை வைத்து, எடை தொங்கவிடுவார்கள். எடை காலை இழுத்துக்கொண்டே இருக்கும், எலும்பு நேராக நிற்கும். நாளெல்லாம், வாரமெல்லாம், மல்லாந்தபடியே. மலமும் மூத்திரமும் கட்டிலிலேயே. ஜெயித்தால் தோள்மேல் தூக்குவார்கள் என்று நினைத்தவனை, நான்கு பேர் இடுப்பைத் தூக்கிப் பாத்திரம் வைத்தார்கள்.

அந்த உருளை கீச்கீச் என்று கத்தும். ஆறுச்சாமி வந்து இரண்டு சொட்டு எண்ணெய் விட்டான். சிஸ்டர் ஏலியாம்மா, டாக்டர் சொல்லாமல் தொடக்கூடாது என்று சண்டை போட்டாள். டாக்டர் வந்து பார்த்துவிட்டு, மற்றக் கட்டில்களின் உருளைகளையும் அவனையே பார்க்கச் சொன்னார்.

ஏலியாம்மா கோட்டயத்துக்காரி. ஒருநாள் ஜுரம் பார்த்துக்கொண்டே கேட்டாள். "இங்ஙனெ ஓட்டி ஜெயிச்சா எந்து கிட்டும்?"

"ஒரு வெள்ளிக் கோப்பை."

"அதில் எந்து குடிக்கும்?"

"ஒண்ணும் குடிக்க மாட்டாங்க சிஸ்டர். அலமாரில வெப்பாங்க."

 அவள் ஜுரத்தை அட்டையில் எழுதிவிட்டு அடுத்த கட்டிலுக்குப் போனாள். பந்தயத்தைப் பற்றி அதைவிடச் சரியான கருத்தை நான் எங்கும் படித்ததில்லை.

ஐந்தாம் நாள் ஜுரம் ஏறியது. கட்டிலோடு சேர்ந்து நான் உதறினேன். புண்ணிலிருந்து வந்த வாடையை நானே முகர்ந்தேன். டாக்டர் எல்லாரையும் வைத்துக்கொண்டே சொன்னார். "கிருமி எலும்பில எறங்கியிருக்கு. அது ரத்தத்தில கலந்தா ஆளு போகும். மூணு திவசம் ஊசி போட்டுப் பார்க்கலாம். ஜுரம் எறங்கலேன்னா, காலை முட்டுக்கு மேலே எடுக்கணும். உயிரா காலான்னு நிக்கறப்போ நான் காலைப் பார்க்க மாட்டேன்."

அந்த மூன்று நாள் பயத்தை மறைக்கப் போவதில்லை. அழுதேன். இல்லாத சாமிக்கெல்லாம் வேண்டினேன். போர்வைக்கு வெளியே தெரிந்த வலதுகால் கட்டைவிரலை ஆட்டச் சொல்லி ஆட்டச் சொல்லிப் பார்த்துக்கொண்டே இருந்தேன். அது ஆடும்போதெல்லாம் இன்னும் என்னுடையதுதான் என்று ஓர் ஆறுதல்.

பார்க்க வந்தவர்களைப் பற்றி ஒரு வார்த்தை. மனிதன் காலை இழக்கப்போகிறான் என்று தெரிந்தால் எங்கள் ஜனங்களுக்கு அறிவு ஊற்றெடுத்துவிடும். நல்லேப்பிள்ளியிலிருந்து வந்த ஒரு மாமா, டாக்டர் போட்ட கட்டை அவிழ்த்துவிட்டு நாட்டு வைத்தியரிடம் பச்சிலைக் கட்டுக்குப் போகச் சொன்னார். ஒருவர் ஆட்டுக்கால் சூப் என்றார். இன்னொருவர், மனிதனை மாடு மாதிரி வாரில் பூட்டினால் விளங்குமா என்று ஆறுச்சாமி காதுபடச் சொன்னார். பெட்ரோல் விற்கிற விலைக்கு இந்த ஆட்டம் தேவையா என்று ஒருவர் கேட்டார். காலைப் பற்றி அவருக்குக் கவலை இல்லை, பெட்ரோலைப் பற்றித்தான். எல்லாரும் ஆளுக்கொரு ரொட்டிப் பாக்கெட்டும் ஆரஞ்சும் வைத்துவிட்டு, பிழைக்க மாட்டான் என்று வராந்தாவில் பேசிக்கொண்டே போனார்கள். வராந்தாவில் பேசினால் உள்ளே கேட்காது என்று யார் இவர்களுக்குச் சொன்னார்களோ.

ரத்தம் வேண்டியிருந்தது. பந்தயத்துச் சிங்கங்களைக் கேட்டார்கள். ஒருவனுக்கு அன்றைக்குத்தான் ஜலதோஷம். ஒருவனுக்கு ஊசி என்றால் தலைசுற்றுமாம். ஆறுச்சாமியின் ரத்தம் எனக்குச் சேர்ந்தது. இரண்டு தடவை கொடுத்தான். அவன் கையிலிருந்து எடுத்த பாட்டில் என் தலைமாட்டில் தொங்கியபோது, அறுந்துபோச்சு என்று நான் சொன்ன வாய் மூடியேதான் இருந்தது.

மூன்றாம் நாள் சாயங்காலம் வியர்த்துக் கொட்டி ஜுரம் இறங்கியது. டாக்டர் கட்டைவிரலைத் தட்டி, "இது நிக்கும். ஒரு இஞ்ச் குறையும், அத்ரயே உள்ளூ" என்றார். சரசு கட்டில் காலைப் பிடித்துக்கொண்டு அழுதாள்.

அப்போதாவது சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. சொல்லாமல் இருக்க இருக்கச் சொல்வது கஷ்டமாகிவிடுகிறது. பொய்யும் ஒரு வகையில் அந்தத் திறந்த முறிவு மாதிரிதான். மேலே கட்டு வெள்ளையாக இருக்கும்.

சரசு தினமும் காலை பஸ்ஸில் அடுக்குப் பாத்திரத்தில் சோறு கொண்டு வருவாள். எனக்கு, வந்திருக்கிற உறவுக்கு, சில நாள் பக்கத்துக் கட்டில்காரருக்கும் போடுவாள். தம்பிக்கு மட்டும் போடமாட்டாள். அவன் என்னைத் துடைத்து, பாத்திரம் கொட்டி, முதுகில் புண் வராமல் பவுடர் போட்டுவிட்டு, அவள் வருகிற நேரத்துக்கு வெளியே போய்விடுவான். என் ஜன்னலிலிருந்து ஆஸ்பத்திரி வாசல் தெரியும். அங்கே ஒரு தட்டுக்கடை. அவன் நின்றபடி டீயில் பன்னை நனைத்துத் தின்பான். அவன் அக்கா அவனைத் தாண்டிப் பாத்திரத்தோடு நடந்து வருவாள். இவள் திரும்ப மாட்டாள், அவன் கூப்பிட மாட்டான். பத்து வாரம் இதைப் பார்த்தேன். பார்த்துக்கொண்டே சாம்பார் சோறு தின்றேன். எனக்கு என்மேலேயே காறித் துப்ப வேண்டும்போல் இருந்தது. மல்லாந்து படுத்திருப்பவன் துப்பினால் எங்கே விழும் என்பது தெரிந்ததுதான்.

பத்தாவது வாரத்தில் தங்கராஜ் இரண்டு பேரோடு வந்தான். பங்குனியில் அடுத்த பந்தயமாம். எஞ்சினைப் பெரிதாக்கியிருக்கிறானாம்.

"உங்களுக்கு அறுந்ததக் கேட்டதுக்கப்புறம் அஞ்சு பேரும் வேணாம்னுட்டோம் அண்ணாச்சி. எம் பொண்டாட்டிகூட இப்பம் வாயத் தொறக்க மாட்டேங்கா. பெல்ட்டும் வேண்டாம், அந்தக் குழாயும் வேண்டாம். கவுந்தா குதிச்சுரணும், அம்புட்டுத்தான்" என்று சொல்லிச் சிரித்தான்.

அவன் குதிக்கப்போவதை நான் மனக்கண்ணில் பார்த்தேன். அவன் தொடையைப் பார்த்தேன். அப்போது சரசு பாத்திரத்தோடு உள்ளே வந்தாள். உருளைக்கு எண்ணெய் விட்டுக்கொண்டிருந்த ஆறுச்சாமி, நேரம் தவறிவிட்டதை உணர்ந்து நழுவப் பார்த்தான்.

"மாப்ள, நில்லு" என்றேன். "பெல்ட்டு அறுவுல. நாந்தான் கழட்டிச் சீட்டுக்கடியில போட்டேன். கவுறப்போ நானாக் குதிச்சேன். அறுந்துச்சுன்னு சொன்னது பொய்."

 தங்கராஜ் என் கையைப் பிடித்தான். அவன் கண் கலங்கியிருந்தது.

"இந்த மனசு யாருக்கு வரும்? மச்சினன் பேரு கெட்டுறக்கூடாதுன்னு பழியத் தன்மேல போட்டுக்கிடுதாரு பாருங்க" என்று மற்றவர்களிடம் சொன்னான்.

"யோவ், நெசமாத்தான் சொல்றேன்" என்றேன்.

"மச்சான் சொல்றது நெசந்தானுங்க" என்றான் ஆறுச்சாமி. "வண்டிய நிமித்தறப்போ நாம் பாத்தேன். வாரு மடிச்சபடி சீட்டுக்கடியில இருந்துச்சு."

"நீரு அப்பிடித்தான சொல்லுவீரு" என்று தங்கராஜ் அவன் தோளைத் தட்டினான். மூன்று பேரும் என் பெருந்தன்மையைப் புகழ்ந்துகொண்டே போனார்கள். பத்து வாரம் பொய் சொன்னபோது நம்பியவர்கள், முதல்முறையாக உண்மை சொன்னபோது என்னைப் பொய்யன் ஆக்கி, அதற்கு மாலையும் போட்டுவிட்டார்கள். வண்டியாவது கையில் இருந்தால் பெல்ட்டைக் காட்டலாம். அது ஓடுபாதைக் கொட்டகையில் பூட்டிக் கிடந்தது.

நம்பியது ஒரே ஒருத்திதான்.

"நெசமாடா?" என்றாள் சரசு.

"அத உடு அக்கா" என்றான் அவன்.

"பத்து வாரமா ஏன்டா வாயத் தொறக்குல?"

"மச்சான் காலு நிக்குமா போயிருமான்னு கெடக்கறாங்க. அப்பப் போயி என்ற பெல்ட்டு நல்ல பெல்ட்டுன்னு சண்டைக்கு நிக்கறதாக்கா? காலு பொழச்சதுக்கப்பறம் அவங்களே சொல்லுவாங்கன்னு இருந்தேன்."

சரசு என் பக்கம் திரும்பவில்லை. பாத்திரத்தைத் திறந்து எல்லா அடுக்கையும் தம்பி முன்னால் பரப்பினாள். அவன் வேண்டாம் வேண்டாம் என்றான். பக்கத்தில் உட்கார்ந்து, அழுதுகொண்டே, அவன் தட்டில் போட்டுக்கொண்டே இருந்தாள். அன்றைக்கு எனக்குச் சோறு இல்லை. ஏலியாம்மா பார்த்துவிட்டு, யாரோ வைத்துப்போன ரொட்டியில் இரண்டு துண்டு கொடுத்தாள். காய்ந்துபோன ரொட்டி. நான் முறையிடவில்லை.

மார்கழிக் கடைசியில் கட்டைக் கழற்றி, இரண்டு ஊன்றுகோல் கொடுத்து அனுப்பினார்கள். வீட்டுக்கு வந்ததும் முதல் வேலையாக வண்டியை மீனாட்சிபுரத்துக்கு இழுத்துவரச் சொன்னேன். வார் மடித்தபடி சீட்டுக்கடியில் இருந்தது. தங்கராஜிடம் அதைக் கொண்டுபோய்க் காட்டினால் புதிதாகத் தைத்தது என்பான். இந்த ஆட்களுக்குக் கண்ணால் பார்த்தாலும் போதாது, வேடிக்கையும் வேண்டும். அதனால் ஆறுச்சாமியிடம் ஒரு வேலை சொன்னேன். அவன் முடியாது என்றான். நான் கெஞ்சினேன். வாழ்க்கையில் முதல் தடவையாக ஒரு காரியத்துக்கு அவனைக் கெஞ்சினேன்.

மாசியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை எங்கள் கூட்டத்துப் பந்தயக்காரர்கள் எட்டு பேரையும் பட்டறைக்கு வரச் சொன்னோம். வண்டியின் நடுப்பகுதியை மட்டும், தரையும் சீட்டும் குழாய் வளைவும் சேர்ந்து, ஆறுச்சாமி அறுத்து எடுத்திருந்தான். கிணற்று மோட்டார் தூக்குகிற உயரமான மூன்றுகால் கம்பமும் சங்கிலியும் தயாராக இருந்தன. நான் ஊன்றுகோலைப் போட்டுவிட்டு சீட்டில் உட்கார்ந்தேன். அவன் இடுப்புக்கும் தோளுக்கும் வாரை மாட்டினான். கொக்கியை இரண்டு தடவை இழுத்துப் பார்த்தான். பிறகு தூக்கி, மெதுவாகத் தலைகீழாகத் திருப்பினான்.

தலைகீழாகத் தொங்குகிறவனுக்கு முதலில் தெரிவது மனிதர்களின் செருப்பு. எட்டு ஜோடிச் செருப்பு. அவற்றுக்கு அப்பால், எல்லாருக்கும் டீ ஊற்றிக்கொண்டு நின்ற சரசுவின் சேலைக் கரை. ரத்தம் மண்டைக்கு இறங்கியது. சேர்ந்த எலும்பு வலித்தது. நூற்று ஐம்பது ராத்தல் திமிரும் அந்தக் கான்வாஸ் வாரில் தொங்கியது. நூல் முறுக்குக்கூட விடவில்லை.

"தங்கராஜு, கிட்ட வந்து எடது தோளப் பாரு" என்றேன்.

அவன் குனிந்தான். பிறகு மண்டியிட்டான். தோள் வாரில் கடலைப்பருப்பு அளவு ஓட்டை. அதைச் சுண்டுவிரல் நகத்தால் நெருடிப் பார்த்தான்.

"இது நாஞ் சுட்டதுல்லா" என்றான். அவன் குரல் இறங்கிவிட்டது. "அப்பம் அன்னைக்கு நீரு இதப் போடவே இல்லியா?"

"அதத்தான் ஆஸ்பத்திரியில சொன்னேன்."

எட்டு பேரும் ஆறுச்சாமியைப் பார்த்தார்கள். அவன் சங்கிலியைப் பிடித்தபடி தரையைப் பார்த்துக்கொண்டிருந்தான். தங்கராஜ் எழுந்து வேட்டியைத் தட்டிக்கொண்டு அவனிடம் போனான். "ஆறுச்சாமி, என் வண்டிய நாளைக்கே கொண்டாந்து விடுதேன். வாரும் வேணும், அந்தக் குழாயும் வேணும். பங்குனிக்கு முன்ன முடியுமா வே?" என்று கேட்டான்.

"முடியுமுங்க" என்றான் அவன்.

எனக்குக் கண் இருட்டிக்கொண்டு வந்தது. "எறக்குடா மாப்ள" என்றேன். அவன் பதறிச் சங்கிலியில் கை வைத்தான்.

சரசு ஒரு டம்ளர் டீயோடு அவன் முன்னால் வந்து நின்றாள்.

"பொறுடா தம்பி. நீ பத்து வாரம் வெளிய நின்னீல்ல. இவிய சித்தெ தொங்கட்டும். நீ மொதல்ல டீயக் குடி, ஆறிப்போகுது."

ஆறுச்சாமி என்னைப் பார்த்தான். அக்காவைப் பார்த்தான். சங்கிலியைக் கொக்கியில் மாட்டிவிட்டு டம்ளரைக் கையில் வாங்கிக்கொண்டான்.